ஒரு கால் மட்டும் வீங்கினால்

2021 ஜூன் முதல் வாரம். தாராபுரம் பக்கம் எங்கள் பெரியப்பாவின் தோட்டத்து வீடு. அவர் கொரோனாவோடு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக் கிடந்துவிட்டு, வீடு திரும்பிப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. பெரியம்மா புளியையும் கல்லுப்பையும் கரைத்து அடுப்பில் ஏற்றிவிட்டார், பத்துப் போட. பக்கத்து ஊரிலிருந்து சுளுக்கு எடுக்கிறவரும் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "படுத்தே கெடந்ததுல நரம்பு பெரண்டிருக்குமுங்க, நாலு தடவ எண்ணெ போட்டு உருவிவிட்டாச் சரியாப் போயிருமுங்க" என்று நல்லெண்ணெயைக் கையில் ஊற்றினார். பெரியப்பா, "தொட்டாலே உசுரு போகுது, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று காலை இழுத்துக்கொண்டார். வலி தாங்காமல் அவர் மறுத்ததுதான் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம்.

மறுநாள் காலையில் கட்டுத்தரைக்குப் போய் மாட்டுக்குத் தட்டுப் போட்டுவிட்டு வருவதற்குள் மூச்சு வாங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். கோவை, திருப்பூர், ஈரோடு என்று மேற்கு மாவட்டங்களுக்கும் வேறு சில மாவட்டங்களுக்கும் ஊரடங்குத் தளர்வு குறைவாக இருந்த நேரம் அது. ஒருவழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்து, காலுக்கு டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற ஸ்கேன்) எடுத்தால் முழங்காலுக்குப் பின்னாலிருந்து தொடை வரைக்கும் உள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கிடந்தது. நெஞ்சுக்கு மருந்து ஏற்றி சி.டி. எடுத்தால் அதிலிருந்து பிய்ந்துபோன துண்டுகள் வலது நுரையீரலில் அடைத்திருந்தன. முதலில் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன். வைட்டமின் சி, ஜிங்க், மாஸ்க் போடவும், தனிமையில் இருக்கவும் என்று இரண்டு பக்கம் இருந்தது. கால் வீங்கினால் வா என்று ஒரு வரி இல்லை. அந்தக் கூட்டத்தில், அந்த அலறலில், யாரைக் குறை சொல்ல? ஆனாலும் ஒரு வரிதானே என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

இதில் பாதிக் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. நம்மூரில் 'ரத்தக்கட்டு' என்றால் அடிபட்ட இடம் கன்றிப்போய் நீலம் பாரித்து நிற்பது. மாடு முட்டினது, வண்டியிலிருந்து விழுந்தது, இதற்கெல்லாம் பத்துப் போடுவோம், ஒத்தடம் கொடுப்போம், மெதுவாக உருவியும் விடுவோம். டாக்டர்கள் 'கிளாட்' என்பதும் பேப்பரில் 'ரத்த உறைவு' என்று எழுதுவதும் வேறு சங்கதி. முன்னது குழாயை விட்டு வெளியே கசிந்த ரத்தம். பின்னது குழாய்க்குள்ளேயே தயிர்போல் உறைந்து, ஓட்டத்தை மறித்துக்கொண்டிருக்கும் ரத்தம். அதைப் போய் உருவினால் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு கழன்று இதயம் வழியாக நேரே நுரையீரலுக்குப் போய்விடலாம். "ரத்தம் கட்டியிருக்குதுங்க" என்று டாக்டர் தமிழில் எளிமையாகச் சொல்கிறார் பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் அது புளிப்பத்தாக மாறிவிடுகிறது.

சரி, ரத்தம் உறைவது பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாதா என்றால், அப்படியும் இல்லை. கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாது என்பது தோட்டங்காட்டில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். பல்லீறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம், ஊசி போட்ட இடத்தில் நிற்காத ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதலில் செய்வது ஒரு சின்னச் சோதனை: ஈரமில்லாத சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிஷம் நிறுத்திவைத்து, அப்புறம் ஒருதரம் சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்து கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீர்போல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் இந்தச் சோதனை சரிவராது, கண்ணாடியின் பரப்புப் பட்டால்தான் உறையும் வேலை சரியாகத் தொடங்கும்.

பலருக்கும் தெரியாத விஷயம், விரியன் விஷம் ரத்தத்தை நேரடியாக நீர்த்துப்போகச் செய்வதில்லை. முதலில் அது உறைய வைக்கிறது. உறைவதற்கு வேண்டிய புரதங்களைச் சரமாரியாகத் தூண்டிவிட்டு, கண்ட இடத்திலெல்லாம் உறைய விட்டு, கையிருப்பு மொத்தத்தையும் காலி பண்ணிவிடுகிறது. ஊரிலுள்ள உறைமோரை எல்லாம் ஒரே பானையில் கொட்டித் தீர்த்துவிட்டால் அப்புறம் எந்த வீட்டில் தயிர் தோயும்? அந்த நிலைமையைத்தான் நாம் ரத்தப்போக்காகப் பார்க்கிறோம்.

2020 தொடக்கத்தில் கொரோனா நோயாளிகளுக்கு ரத்தம் கண்டபடி உறைவதைப் பார்த்த டாக்டர்களுக்கும் முதலில் இந்த மாதிரிதான் தோன்றியது. கிருமி ரத்தத்தில் பரவி செப்சிஸ் ஆகும்போது இதே கதை நடக்கும்: உறையும், சரக்குத் தீரும், கடைசியில் ரத்தம் கொட்டும். ஆனால் கொரோனாவில் பெரும்பாலானவர்களுக்குச் சரக்குத் தீரவில்லை. உறைவதற்கு உதவும் தட்டணுக்கள் ஓரளவு சரியாகவே இருந்தன. உறைவுக்கு நார் கொடுக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போனது, ஏனென்றால் உடம்பில் அழற்சி கொதிக்கும்போது கல்லீரல் அதை இன்னும் அதிகமாக உற்பத்தி செய்து தள்ளும். உறைமோர் தீராத பானை. அதனால் ரத்தம் கொட்டவில்லை, அடைத்தது.

ஏன் உறைகிறது என்பதற்கு ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரில் ஒரு பழைய கணக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஆள். குழாயின் உட்சுவர் கெடுவது, ஓட்டம் தேங்குவது, ரத்தமே உறைகிற பதத்துக்கு மாறுவது, இந்த மூன்றும்தான் காரணம் என்பது அது. மற்ற நோய்களில் ஒன்றோ இரண்டோ சேரும். கடுமையான கொரோனாவில் மூன்றும் கூட்டணி.

சுவர்தான் இதில் முக்கியமானது. நம் ரத்தக்குழாய்களின் உள்பக்கம் ஒரே ஒரு அடுக்குச் செல்கள் பாவியிருக்கும், நன்றாகப் பழகின தோசைக்கல்லில் மாவு ஒட்டாத மாதிரி ரத்தம் அதில் ஒட்டாமல் ஓடும். அந்தப் பூச்சு கெட்டால் கதை முடிந்தது. வைரஸ் அந்தச் செல்களுக்குள் நேரடியாகப் புகுந்து கெடுக்கிறதா, சுற்றிலும் எரிகிற அழற்சியின் வெக்கையில் அவை கருகுகின்றனவா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அவை கெடுவதில் யாருக்கும் சந்தேகமில்லை. கெட்ட சுவர் தட்டணுக்களைப் பிடித்து இழுக்கும் பசைப் புரதங்களை வெளியே விடும். அதோடு வெள்ளணுக்கள் செய்கிற ஒரு வேலை இருக்கிறது, படிக்கும்போது எனக்கே ஆச்சரியமாக இருந்தது: கிருமியைப் பிடிப்பதற்காகத் தன் சொந்த டி.என்.ஏ. இழைகளையே வலையாக வீசிவிட்டுச் செத்துப்போகும் ஒருவகை வெள்ளணு உண்டு. வைரஸ் மாட்டுகிறதோ இல்லையோ, அந்த வலையில் தட்டணுவும் சிவப்பணுவும் மாட்டித் திரண்டுவிடுகின்றன. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்வதே குழாயை அடைக்கிறது.

ஓட்டம் தேங்குவதைச் சொல்லவே வேண்டியதில்லை. பத்து நாள் காய்ச்சலோடு படுக்கை, குப்புறப் படுக்கச் சொல்லிக் குப்புறவே கிடப்பது, சரியாகத் தண்ணீர் இறங்காத தொண்டை. காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுகிற பம்பு கெண்டைக்கால் தசைதான், நடந்தால்தான் அது ஓடும். நடக்கவில்லை என்றால் வாய்க்காலின் கடைமடைபோல் அங்கே தேங்கும்.

இது காலின் கதை. நுரையீரலுக்கு உள்ளேயே நடக்கிற வேறொன்றும் உண்டு, அதைச் சொல்லச் சொட்டுநீர்ப் பாசனத்தை விட்டால் எனக்கு வேறு உவமை கிடைக்கவில்லை. பல்லடம், பொங்கலூர்ப் பக்கம் ஆயிரம் அடி போர்த் தண்ணீரில் சொட்டுநீர் போட்டவர்களுக்குத் தெரியும். மோட்டார் ஓடுகிறது, கரண்ட் இருக்கிறது, மெயின் குழாயில் தண்ணீர் பீய்ச்சுகிறது, ஆனால் கடைசி வரிசைத் தென்னை வாடுகிறது. என்னடா என்று போய்ப் பார்த்தால் ஒவ்வொரு சொட்டுவானிலும் உப்புப் படிந்து அடைத்திருக்கும். கொரோனா நுரையீரலில் நடந்ததும் இதுவே. காற்றுப் பைகளைச் சுற்றியிருக்கும் மயிரிழைக் குழாய்களில் பொடிப்பொடியாக உறைவுகள். 2020இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வில், கொரோனாவில் இறந்த ஏழு பேரின் நுரையீரலையும் இன்ஃப்ளூயன்சாவில் இறந்த ஏழு பேரின் நுரையீரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இந்தப் பொடி உறைவுகள் கொரோனாவில் ஒன்பது மடங்கு அதிகம். ஆக்சிமீட்டரில் 80 காட்டும்போதும் கட்டிலில் உட்கார்ந்து போனில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடச் சொல்லிக்கொண்டிருந்த ஆட்களை நாம் பார்த்தோமே, அந்தப் புதிருக்கு ஒரு பாதி விடை இங்கே இருக்கலாம்: காற்று உள்ளே போகிறது, நெஞ்சு விரிகிறது, ஆனால் அந்தக் காற்றை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ரத்தம் ஓடவில்லை.

எத்தனை பேருக்கு இது வரும் என்பதில்தான் பயமும் அலட்சியமும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

2020 ஏப்ரலில் நெதர்லாந்திலிருந்து ஒரு கணக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 184 கொரோனா நோயாளிகளில் 31 சதவீதம் பேருக்கு ரத்த உறைவுச் சிக்கல், அதில் பெரும்பகுதி நுரையீரலில். எல்லோருக்கும் உறைவைத் தடுக்கும் ஊசி வழக்கமான அளவிலாவது போட்டுக்கொண்டிருக்கும்போதே இந்த நிலைமை. உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த எண் இது. அதே மாதம் நியூயார்க்கிலிருந்து ஒரு சின்னக் கடிதம்: இரண்டே வாரத்தில், 50 வயதுக்குக் கீழே உள்ள ஐந்து பேருக்கு மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம், ஐவருக்கும் கொரோனா.

இதைப் படித்துவிட்டு எல்லா கொரோனாவுக்கும் மூன்றில் ஒருவருக்கு உறையும் என்று எடுத்துக்கொண்டால் தப்பு. சுவீடனில் தொற்று வந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும், வராத 40 லட்சம் பேரையும் ஒப்பிட்டு 2022இல் வெளியிட்டார்கள். தொற்று வந்த முதல் 30 நாளில் நுரையீரல் உறைவு வந்தவர்கள் லட்சத்துக்குச் சுமார் 170 பேர். தொற்று வராதவர்களில் லட்சத்துக்கு 4 பேர். காலில் உறைவு, வந்தவர்களில் லட்சத்துக்கு 38 பேர், வராதவர்களில் 7 பேர். ஆக, வராதவர்களோடு பார்த்தால் ஆபத்து பல மடங்கு, ஆனால் மொத்தக் கூட்டத்தில் பார்த்தால் அந்த 170 பேர் ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது. வீட்டிலேயே இருந்து தேறிய லேசான நோயாளிகளுக்கும் நுரையீரல் உறைவு ஆபத்து ஏழு மடங்கு ஏறியிருந்தது, தீவிர சிகிச்சை வரை போனவர்களுக்கு அது 290 மடங்கு வரை. எனக்கு முக்கியமாகப் பட்டது காலக்கணக்குதான். கால் உறைவின் ஆபத்து 70 நாள் வரைக்கும், நுரையீரல் உறைவின் ஆபத்து 110 நாள் வரைக்கும் கூடுதலாகவே இருந்திருக்கிறது. நம் ஆட்கள் நெகட்டிவ் ரிப்போர்ட் வந்த அன்றே நோய் முடிந்தது என்று கணக்கை மூடிவிடுகிறார்கள். பெரியப்பாவுக்கு நடந்தது அந்த மூடின கணக்குக்கு அப்புறம்தான்.

முதல் அலையில் இருந்த ஆபத்து அடுத்தடுத்த அலைகளில் குறைந்ததையும் அதே ஆய்வு சொல்கிறது. தடுப்பூசி, மேம்பட்ட சிகிச்சை, அப்புறம் ஒமைக்ரான் வகையின் குணம் எல்லாம் சேர்ந்து இன்றைக்கு வருகிற சளிக் காய்ச்சல் கொரோனாவை 2021 மே மாதத்தோடு ஒப்பிடவே முடியாது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த மாதக் கடைசியில் தினசரி எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டியது. மே 30இல் முதலமைச்சர் ஸ்டாலின் கவச உடை போட்டுக்கொண்டு கோவை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வார்டுக்குள் போய்வந்ததை டி.வி.யில் பார்த்தோம். அந்தக் கொரோனா வேறு.

அந்த நாட்களில்தான் நம் வீடுகளுக்குள் டி-டைமர் என்ற வார்த்தை நுழைந்தது. சி.டி. ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பு 25க்கு எத்தனை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. எத்தனை, டி-டைமர் எத்தனை என்று பிளஸ் டூ மார்க் விசாரிப்பதுபோல் விசாரித்துக்கொண்டிருந்தோம். டி-டைமர் என்பது உறைந்த ரத்தம் உடைபடும்போது சிதறுகிற துகள். அது அதிகமாக இருந்தால் உடம்பில் எங்கேயோ உறைவதும் உடைவதும் நடக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். எங்கே, எவ்வளவு, ஆபத்தா இல்லையா என்று அது சொல்லாது. வயதானாலே ஏறும், கர்ப்பத்தில் ஏறும், அடிபட்டால் ஏறும், எந்தக் காய்ச்சலிலும் ஏறும், விரியன் கடித்தாலும் எக்கச்சக்கமாக ஏறும். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவரின் நோய் எந்தத் திசையில் போகிறது என்று பார்க்க டாக்டருக்கு உதவும். வீட்டில் ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டு டி.வி. பார்க்கிற ஆள் நாளுக்கு ஒருதரம் எடுக்க வேண்டிய டெஸ்ட் அல்ல.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் மச்சானுக்கு லேசான தொற்று. மூன்று நாள் காய்ச்சல், முடிந்தது. ஆனால் 'கோவிட் புரொஃபைல்' என்று ஒரு லேப்காரர்கள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போய் டி-டைமர் 640 என்று அனுப்பிவிட்டார்கள், 500க்குள் இருக்க வேண்டும் என்று சிவப்பில் போட்டு. தூக்கம் போயிற்று. இரண்டு நாள் கழித்து வேறொரு லேபில் எடுத்தார், 0.32 என்று வந்தது. "மாப்ள, 640 இருந்தது ஒண்ணுமே இல்லாமப் போயிருச்சு" என்று எனக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போன். நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு. முதல் லேப் ஒருவகை அலகில் நானோகிராமில் எழுதியிருக்கிறது, இரண்டாவது லேப் வேறு அலகில் மைக்ரோகிராமில் எழுதியிருக்கிறது. முதல் அலகின் எண் இரண்டாவதைப் போல் ஏறத்தாழ இரட்டிப்பாக வரும், அப்புறம் ஆயிரத்தால் வகுத்தால் 640ம் 0.32ம் ஒன்றேதான். நூலை கிலோவிலும் கவுண்ட்டிலும் மாற்றி மாற்றிக் கணக்குப் போடுகிற ஆள், ரத்தத்தில் ஏமாந்துவிட்டார்.

அதோடு விட்டாரா? வாட்ஸ்ஆப்பில் யாரோ அனுப்பிய சீட்டைக் காட்டி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வாங்கி ஒரு மாசம் சாப்பிட்டிருக்கிறார். பல் தேய்க்கும்போது ரத்தம் வர ஆரம்பித்தவுடன்தான் எங்களிடம் சொன்னார்.

அந்த மாத்திரை பற்றி உலகம் முழுக்கச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், விடை நம் ஆசைக்கு ஏற்ற மாதிரி வரவில்லை. வீட்டிலிருந்தே தேறும் நோயாளிகளுக்கு ஆஸ்பிரினும் அபிக்சபான் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரையும் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனை ஒன்று 2021இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. காரணம், மாத்திரை போடாதவர்களுக்கே உறைவு அபூர்வமாகத்தான் வந்தது, அதில் மாத்திரை எதைத் தடுக்கும்? பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஏறக்குறைய 15,000 பேரைப் பிரித்து ஒரு பாதிக்கு ஆஸ்பிரின் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் 17 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆஸ்பிரினால் உறைவு கொஞ்சம் குறைந்தது, ரத்தப்போக்கு அதே அளவுக்குக் கூடியது. இட்லியும் சட்னியும் போல ஆஸ்பிரினும் கொரோனாவும் என்று ஆக்கிவிட்டிருந்த பல குடும்பங்களுக்கு இந்தச் செய்தி வந்து சேரவே இல்லை.

பலன் தந்தது ஹெப்பாரின். பன்றிக் குடலிலிருந்து பிரித்தெடுக்கிற சரக்கு, நூறு வருஷத்துக்கு மேல் பழையது. நம் ஆட்கள் "வயித்துல போடற ஊசி" என்பது இதைச் சின்னத் துண்டுகளாக உடைத்த வகையான எனாக்சபெரின். தொப்புளைச் சுற்றித் தோலுக்கடியில் போடுவார்கள், போட்ட இடத்தில் காசளவு நீலமாகக் கன்றும், வேடிக்கையைப் பாருங்கள், அதுதான் அசல் ரத்தக்கட்டு, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஊசியிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. 2021 ஆகஸ்டில் வெளியான பெரிய கூட்டுச் சோதனைகளின்படி, வார்டில் இருக்கும் நடுத்தர நோயாளிகளுக்கு முழு அளவு ஹெப்பாரின் கொடுத்தால் வென்டிலேட்டர் போன்ற உயிர்காக்கும் துணைகள் தேவைப்படுவது குறைந்தது. ஏற்கெனவே தீவிர சிகிச்சைக்குப் போய்விட்டவர்களுக்கு அதே முழு அளவு கொடுத்தால் பலனில்லை. உறைவைத் தடுக்க வழக்கமாகப் போடும் குறைந்த அளவே போதும். சொட்டுவான் பாதி அடைத்திருக்கும்போது ஆசிட் விட்டுக் கழுவினால் திறந்துகொள்ளும், கல்லாகிப் போனபின் எவ்வளவு விட்டாலும் பிரயோஜனமில்லை, குழாய்தான் கெடும், ஏறக்குறைய அப்படித்தான் என்று நான் புரிந்துகொண்டேன். டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது எல்லோருக்கும் மாத்திரை எழுதுவதா என்ற கேள்விக்கும் ஒரு பிரேசில் சோதனை பதில் தேடியது: உறைவு ஆபத்து அதிகமாக இருந்த 320 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு ரிவராக்சபான் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரை 10 மில்லிகிராம் 35 நாள். மாத்திரை போட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 9 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. ஆபத்து அதிகமாக இருந்தவர்கள் என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். ஏற்கெனவே உறைவு வந்தவர், புற்றுநோய் இருப்பவர், படுக்கையை விட்டு எழ முடியாதவர், இப்படி. என் மச்சான் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி தடுப்பூசி. இதைச் சொல்லாமல் விட்டால் கருத்துச் சொல்ல வருகிற முதல் ஆளே கேட்பார்.

2024 ஏப்ரல் கடைசியில், அஸ்ட்ராஜெனகா கம்பெனி லண்டன் நீதிமன்றத்தில் தன் தடுப்பூசி மிக அபூர்வமாக ரத்த உறைவை உண்டாக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்ட செய்தி வந்ததும், டீக்கடை, பஞ்சு மில் கேன்டீன், கல்யாண மண்டபம் எங்கே போனாலும் அதே பேச்சு. நாம் போட்ட கோவிஷீல்டு அதே தடுப்பூசிதான். உண்மை என்னவென்றால் இது புதுச் செய்தியே அல்ல, 2021 மார்ச், ஏப்ரலிலேயே ஐரோப்பாவில் கண்டுபிடித்து உலகத்துக்கே சொல்லியாயிற்று. சிலருக்குத் தடுப்பூசிக்குப் பின் தட்டணுவில் உள்ள ஒரு புரதத்துக்கு எதிராகவே உடம்பு எதிர்ப்பொருள் தயாரித்துவிடுகிறது, தட்டணுக்கள் தூண்டப்பட்டு உறைகின்றன, எண்ணிக்கை சரிகிறது. பொதுவாக முதல் டோஸுக்குப் பிறகு நான்கு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் வரும். வந்தால் ஆளைக் கொல்லக்கூடியது, அதில் சந்தேகமில்லை. மூன்று வருஷம் கழித்து வராது. இந்திய அரசின் குழு 2021 மே மாதம் கொடுத்த கணக்கில், கோவிஷீல்டு பத்து லட்சம் டோஸுக்கு 0.61 பேர்.

பிரிட்டனில் 2021 ஆகஸ்டில் வந்த ஆய்வு இரண்டையும் ஒரே தராசில் வைத்தது. ஒரு கோடிப் பேர் அஸ்ட்ராஜெனகா முதல் டோஸ் போட்டால் சிரை ரத்த உறைவு (இதயத்துக்குத் திரும்புகிற குழாய்களில் உறைவது) கூடுதலாக 66 பேருக்கு. அதே ஒரு கோடிப் பேருக்குக் கொரோனா வந்தால் கூடுதலாக 12,614 பேருக்கு. தடுப்பூசிக்கு ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த 66 பேரும் ஆட்கள்தான். ஆனால் 66ஐ நினைத்து மூன்று வருஷம் கழித்துத் தூக்கம் கெட்டவர்கள், 12,614இல் ஒருவர் தன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஜிம்மில் விழுந்தார், கபடி ஆடும்போது விழுந்தார், ஊசிதான் காரணம் என்கிற பேச்சுக்கும் இதே பதில்தான். ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க 47 ஆஸ்பத்திரிகளில், 18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்த 729 பேரை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை, இரண்டு டோஸ் போட்டவர்களுக்குக் குறைந்தே இருந்தது. கூட்டியவை: முன்பு கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் இருந்தது, இறப்பதற்கு 48 மணி நேரத்துக்குள் அளவுக்கு மீறிக் குடித்தது, வழக்கத்தை மீறி உடம்பை வருத்தியது.

எதைக் கவனிப்பது? இரண்டு காலும் சாயங்காலத்தில் வீங்கினால் அது பெரும்பாலும் வேறு கதை: தறிக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்பது, ஸ்பின்னிங் மில் ஷிப்ட், நரம்பு சுருட்டு, உப்பு, சிறுநீரகம். அதற்கும் டாக்டரைப் பார்க்கலாம், ஆனால் அவசரமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டை வலித்து, சூடாக, சிவந்து இருந்தால் அன்றைக்கே போக வேண்டும், காலை யாரும் உருவக் கூடாது. திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்துகிற நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், மயக்கம், ஒரு பக்கம் வாய் கோணுவது, கை தொங்குவது, பேச்சுக் குழறுவது, இவற்றில் எது வந்தாலும் யோசிக்காமல் 108. டாக்டரிடம் "ஒன்றரை மாசத்துக்கு முன்னால் கொரோனா வந்திருந்தது" என்பதை நாமே எடுத்துச் சொல்ல வேண்டும், இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. பெரிய ஆபரேஷன், கால் எலும்பு முறிவு, பிரசவம், டெங்குவோ டைபாய்டோ எதுவானாலும் வாரக்கணக்கில் படுக்கை என்றால் இதே கவனம் வேண்டும். படுத்திருப்பவரைக் கட்டிலிலேயே பாதத்தை மேலும் கீழும் மிதிக்கச் சொல்லலாம், தையல் மிஷின் மிதிப்பதுபோல்.

பெரியப்பா மூன்று மாசம் மாத்திரை சாப்பிட்டார். நுரையீரல் சரியாயிற்று, கால் முழுசாகச் சரியாகவில்லை. உறைவு கரைந்தாலும் அது இருந்த இடத்தில் குழாயின் வால்வுகள் கெட்டுப்போனதால் சாயங்காலமானால் கால் கனக்கிறது, சித்திரை வெயிலிலும் முழங்கால் வரை இறுக்கமான சாக்ஸ் போட்டுக்கொண்டு தோப்புக்குள் நடக்கிறார், பார்க்கிறவர்களெல்லாம் "ஏனுங்க, போலீஸ்ல சேந்துட்டீங்களா" என்று கேட்கிறார்கள். அவருக்கு டாக்டர் ஒரு அளவு சொல்லிக்கொடுத்தார்: முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே டேப்பைச் சுற்றி இரண்டு கெண்டைக்காலையும் அளக்க வேண்டும், 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். மச்சான் கம்பெனியிலிருந்து டெய்லர் டேப் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். மாதத்துக்கு ஒருநாள் அளந்து, பால் சொசைட்டி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறார். போன தடவை நான் போயிருந்தபோது எடுத்துக் காட்டினார், கடைசி வரியில் பேனா மை கொஞ்சம் தீற்றியிருந்தது: இடது 36, வலது 35.